வளைவில் மட்டும் எரியும் சிவப்பு விளக்கு

வாணியம்பாடியில் நெடுஞ்சாலையை விட்டு விலகி, ஆலங்காயம் தாண்டி, காவலூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறும் ஜவ்வாது மலைப்பாதையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கதவு, இரண்டு இருக்கை, தரையோடு படிந்த உடம்பு. வலப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் மீட்டர் போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறது: வட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி, இரு பக்கமும் வில் போன்ற கோடுகள். சாலை நேரானதும் அணைந்துவிடுகிறது. அடுத்த வளைவு இடப்பக்கம், விளக்கு எரியவில்லை. அதற்கடுத்தது வலம், மறுபடி எரிகிறது. பிரேக் வழக்கம்போலப் பிடிக்கிறது. ஓட்டுபவருக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது.

மறுநாள் சமவெளிப் பட்டறையில் அதே வண்டியை நிறுத்தினால் விளக்கு எரியவே எரியாது. மெக்கானிக் சாவியைப் போட்டுப் பார்ப்பார், பிரேக்கை நாலு தடவை மிதிப்பார், தெருமுனை வரை ஓட்டிவிட்டு வருவார். "ஒண்ணும் இல்ல சார், லூஸ் கான்டாக்டா இருக்கும். திரும்ப வந்தா கொண்டாங்க" என்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நிற்கும் வண்டியில் இல்லாத கோளாறை நிறுத்தி வைத்துத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

விட்டு விட்டு எரியும் எச்சரிக்கை விளக்கு, பழுது பார்ப்பவர்களின் பொறுமையைச் சோதிப்பது. ஆனால் அது காரணமில்லாமல் எரிவதில்லை. ஏதோ ஒரு நிலைமை கூடிவரும்போது எரிகிறது, அது விலகும்போது அணைகிறது. ஆகவே 'என்ன கெட்டுப்போச்சு' என்பதைவிட 'எப்போது எரிகிறது' என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தேட ஜவ்வாது மலையைப் போன்ற பரிசோதனைக் கூடம் சமவெளியில் இல்லை. ஏற்றம், இறக்கம், இடம், வலம், குலுக்கல், காலைப் பனி, பிரேக்கின் சூடு எல்லாம் ஒரே பாதையில் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன.

முதலில் அந்தப் பிரேக் எச்சரிக்கை விளக்கு என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டும். சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. ஒரே விளக்குக்குப் பின்னால் பல சுவிட்சுகள் இருக்கின்றன. ஹேண்ட் பிரேக் நெம்புகோலின் அடியில் ஒன்று. பிரேக் ஆயில் டப்பாவின் மட்டத்தைக் காட்டும் மிதவையில் ஒன்று. சில கார்களில் பிரேக் பேட் தேய்ந்ததைச் சொல்லும் கம்பியும் இதே விளக்கோடுதான் இணைந்திருக்கும். ஏபிஎஸ் உள்ள வண்டிகளில், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரேக் விசையைப் பங்கிடும் மின்னணு அமைப்பு செயலிழந்தாலும் இதே சிவப்புதான். நாலு பேர் தட்டும் ஒரே கதவு மாதிரி. தட்டும் சத்தத்தை மட்டும் வைத்து யார் வந்திருப்பது என்று சொல்ல முடியாது.

இந்த விளக்கு கார் பிறந்தபோதே உடன் பிறந்ததல்ல. பழைய ஹைட்ராலிக் பிரேக்கில் ஒரே ஒரு சுற்றுதான். நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில், ஒரே அழுத்தம். ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போய்விடும். எச்சரிக்க விளக்கு வேண்டியதே இல்லை, கால் தரையைத் தொடும்போது தானே தெரிந்துவிடும். அமெரிக்காவில் 1962இல் காடிலாக், ராம்ப்ளர் கார்கள் பிரேக்கை இரண்டு தனிச் சுற்றுகளாகப் பிரித்தன. 1966இல் அந்நாட்டில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 முதல் இரட்டைச் சுற்றும், அதில் ஒன்று கைவிட்டால் சொல்லும் விளக்கும் கட்டாயமாயின. இரண்டு சுற்று என்றதும் புது ஆபத்து ஒன்று முளைத்தது: ஒன்று போனாலும் மற்றொன்று வண்டியை ஒருவாறு நிறுத்திவிடும், ஓட்டுபவர் பாதி பிரேக்கில் பல நாள் ஓட்டிக்கொண்டிருப்பார். அதனால்தான் விளக்கு தேவைப்பட்டது.

அமெரிக்கச் சந்தையை நம்பியிருந்த ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார்களும் இந்த விதிக்கு இணங்க வேண்டியிருந்தது. எம்ஜிபி போன்ற வண்டிகளில் இரண்டு சுற்றுக்கும் நடுவே ஒரு சிறு பிஸ்டன் வைத்தார்கள். இரு பக்கமும் அழுத்தம் சமமாக இருந்தால் அது நடுவில் நிற்கும்; ஒரு பக்கம் அழுத்தம் குறைந்தால் அந்தப் பக்கம் நகர்ந்து சுவிட்சை அழுத்தும். நல்ல யோசனைதான். ஆனால் பிரேக்கில் காற்று எடுக்கும்போது ஒரு பக்கத் திருகைத் திறந்து பெடலை மிதித்தாலே அந்தப் பிஸ்டன் ஓரத்துக்கு ஓடி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பிரேக் நூறு சதவீதம் சரி, விளக்கோ அணையாது. பழைய ஆங்கிலேய வண்டி வைத்திருப்பவர்கள் இன்றும் இதோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

இந்த ஆங்கிலேயக் கதையில் சென்னைக்கும் ஒரு கிளை உண்டு. 1956இல் டிரையம்ஃப் டிஆர்3 காரின் முன் சக்கரங்களில் வந்த டிஸ்க் பிரேக், லூகாஸ் குழுமத்தைச் சேர்ந்த கர்லிங் செய்தது. அதே லூகாஸோடு டிவிஎஸ் குழுமம் கைகோத்து 1962இல் தொடங்கியதுதான் பாடியில் உள்ள பிரேக்ஸ் இந்தியா. 'டிவிஎஸ் கர்லிங்' என்ற பெயரைப் பிரேக் ஆயில் புட்டியில் பார்க்காத தமிழ்நாட்டு மெக்கானிக் இருக்க மாட்டார். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் மூல வண்டியான டிரையம்ஃப் ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கித்தான் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் உருவானது. நம் ஊரில் குடும்பத்தோடு கோயிலுக்குப் போன வண்டிக்கு அயலூரில் இப்படி ஒரு பந்தயத் தம்பி.

இன்றைய கார்களில் அழுத்த வேறுபாட்டுப் பிஸ்டன் அரிது. அதன் இடத்தைப் பெரும்பாலும் ஆயில் டப்பாவுக்குள் மிதக்கும் ஒரு மிதவை பிடித்துக்கொண்டது. மிதவையில் ஒரு காந்தம். டப்பாவின் அடியிலோ மூடியிலோ ரீட் சுவிட்ச் என்ற சிறு கண்ணாடிக் குழல். பெல் ஆய்வுக்கூடத்தின் வால்டர் எல்வுட் 1936இல் கண்டுபிடித்தது. குழலுக்குள் இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள். காந்தம் அருகே வந்தால் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரியும். ஆயில் மட்டம் இறங்க, மிதவை இறங்க, காந்தம் சுவிட்சை நெருங்க, விளக்கு எரிகிறது. எவ்வளவு ஆயில் இருக்கிறது என்பது சுவிட்சுக்குத் தெரியாது. அந்த நொடியில் மிதவை எந்த உயரத்தில் நிற்கிறது என்பது மட்டுமே தெரியும்.

கொண்டை ஊசி வளைவில் விளக்கு எரிவதன் ரகசியம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. வண்டி வலப்பக்கம் திரும்பும்போது டப்பாவுக்குள் ஆயில் இடப்பக்கம் ஒதுங்கும். எவ்வளவு சாயும் என்பதைப் பள்ளிக்கூட இயற்பியலிலேயே கணக்கிடலாம். வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால் பக்கவாட்டு முடுக்கம் கிடைக்கும். அதற்கும் புவியீர்ப்பு முடுக்கத்துக்கும் உள்ள விகிதமே சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட். 12 மீட்டர் ஆரமுள்ள வளைவை 20 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தால் ஆயிலின் மேற்பரப்பு ஏறத்தாழ 15 டிகிரி சாயும். அதே வளைவை 30 கிலோமீட்டரில் எடுத்தால் 30 டிகிரி. வேகம் ஒன்றரை மடங்கு, சாய்வு இரண்டு மடங்கு. டப்பாவின் அகலம் 6 சென்டிமீட்டர் என்றால் 30 டிகிரிச் சாய்வில் ஓர் ஓரத்தில் மட்டம் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, அதாவது சுமார் 1.7 சென்டிமீட்டர் இறங்கிவிடும். பல கார்களில் டப்பாவின் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் இடைவெளியே இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். டப்பா நிறைய ஆயில் இருந்தால் இந்தச் சாய்வை மிதவை தாங்கிக்கொள்ளும். பாதி இறங்கியிருந்தால் தாங்காது.

நிதானமாகப் போகும் குடும்பக் கார்களைவிட ஸ்போர்ட்ஸ் கார்களில் இந்தக் கண்சிமிட்டல் முன்னதாகத் தலைகாட்டுவது ஏன் என்பதும் இதிலிருந்தே விளங்கும். அகன்ற டயர், தாழ்ந்த எடை மையம். வளைவில் வேகமாகத் திரும்ப முடிகிறது, ஓட்டுபவரும் திரும்புகிறார். பிரேக்கை அழுத்தி மிதிக்கும்போது ஆயில் முன்பக்கம் பாயும். இறக்கத்தில் வண்டியே முன்பக்கம் சாய்ந்திருப்பதால் அது இன்னும் கூடும். வளைவுக்குள் நுழையும் முன் பிரேக், பிறகு திருப்பம் என்று இரண்டும் அடுத்தடுத்து வரும் மலையிறக்கத்தில் டப்பாவுக்குள் ஒரு குட்டிச் சுழலே நடக்கும். அதை அடக்க உள்ளே தடுப்புச் சுவர்கள் உண்டு. இருந்தும் மட்டம் குறைவாக இருந்தால் சுவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, மட்டம் ஏன் குறைகிறது? ஒழுகினால்தான் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒழுகாமலும் குறையும். டிஸ்க் பிரேக்கில் பேட் தேயத் தேய, அதை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து அந்த இடைவெளியை ஈடுகட்டும். வெளியே வந்த பிஸ்டனின் பின்னால் காலியான இடத்தை ஆயில் நிரப்ப வேண்டும். அந்த ஆயில் டப்பாவிலிருந்துதான் வருகிறது. 54 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே பிஸ்டன் கொண்ட காலிப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். உள்பேட் 8 மில்லிமீட்டர், வெளிப்பேட் 8 மில்லிமீட்டர் தேய்ந்தால் பிஸ்டன் 16 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். அதற்கு 36 மில்லிலிட்டருக்கு மேல் ஆயில் வேண்டும். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் சேர்த்தால் 70ஐத் தாண்டும். ஒரு சொட்டுகூடத் தரையில் விழாமல் டப்பா காலியாகிக்கொண்டே வருகிறது. மேல்கோடும் கீழ்கோடும் வரையப்பட்டதே இந்தக் கணக்கில்தான்: பேட் புதிதாக இருக்கும்போது மேல்கோடு, தேய்ந்து முடியும் தறுவாயில் கீழ்கோடு.

ஆகவே வளைவில் எரியும் விளக்கைப் பார்த்ததும் ஆயிலை ஊற்றி நிரப்பி அனுப்புவது வைத்தியம் ஆகாது. விளக்கு அணையும், உண்மைதான். ஆனால் தேய்ந்த பேட் தேய்ந்தபடியேதான் இருக்கும், அதைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே சாட்சியின் வாயையும் அடைத்தாகிவிட்டது. பிறகு புதுப் பேட் மாட்டும்போது பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள். கூடுதலாக ஊற்றிய ஆயில் டப்பாவை மீறி வழியும், பெயின்ட்டைத் தின்றுவிடும். ஊற்றிப் பார்ப்பதை ஒரு சோதனையாகச் செய்வதில் தவறில்லை. மேல்கோடு வரை ஊற்றியபின் அதே வளைவில் அதே வேகத்தில் விளக்கு எரியவில்லை என்றால் மிதவை, சுவிட்ச், வயர் எல்லாம் சரி, மட்டம்தான் குற்றவாளி. அப்போது அடுத்த வேலை சக்கரத்தைக் கழற்றிப் பேட்டின் தடிமனை அளப்பது. பேட் தடிமனாக இருந்து மட்டமும் இறங்கியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்படியானால் ஆயில் எங்கோ போகிறது.

எங்கே போகிறது என்பதிலும் ஏமாற்றும் வழிகள் இரண்டு உண்டு. கியர் கையால் மாற்றும் பல கார்களில் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பா. கிளட்ச்சின் கீழ் சிலிண்டர் கசிந்தால் பிரேக் விளக்குதான் எரியும். பிரேக்கை எவ்வளவு துருவினாலும் கோளாறு அகப்படாது. இன்னொன்று இதைவிட மோசம். மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க ரப்பர் கசிந்தால் ஆயில் தரைக்கு வராது, அதை ஒட்டியிருக்கும் வேக்குவம் பூஸ்டருக்குள் போய்த் தேங்கும். 2010 அக்டோபரில் டொயோட்டா உலகெங்கும் ஏறத்தாழ 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்ததற்கு முக்கியக் காரணம் இந்த வகைக் கோளாறுதான். சில பாலிமர்கள் சேர்க்கப்படாத வேறு பிரேக் ஆயிலை ஊற்றியிருந்தால் பின்பக்க ரப்பர் காய்ந்து சுருண்டு, ஆயில் மெல்லக் கசியக்கூடும் என்று நிறுவனம் சொன்னது. ஓட்டுபவருக்குத் தெரியும் முதல் அறிகுறி எச்சரிக்கை விளக்கு. அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் பெடல் மெத்தென்றாகி, முன்பக்க பிரேக் மெல்லப் பலமிழக்கும். பட்டியலில் லெக்ஸஸ் ஐஎஸ் போன்ற துடிப்பான வண்டிகளும் இருந்தன.

காலையில் மட்டும் எரியும் விளக்கும் இதே குடும்பம். மார்கழி, தை மாதங்களில் ஜமுனாமரத்தூரில் இரவு தங்கியவர்களுக்கு அந்தக் குளிர் தெரியும். குளிரில் ஆயில் சுருங்கும். கீழ்கோட்டின் விளிம்பில் நின்ற மட்டம் அந்தச் சிறு சுருக்கத்தில் கீழே இறங்கிவிடும். வண்டி சூடானதும் விளக்கு அணையும். 'காலையில் கொஞ்சம் அடம் பிடிக்கும், அப்புறம் சரியாகிடும்' என்று வண்டிக்காரர் செல்லம் கொஞ்சுவது உண்மையில் தேய்ந்த பேட்டாக இருக்கலாம்.

இனி மின்சாரம். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, பட்டறைகளில் இதைப் பலர் யோசிப்பதில்லை. பெரும்பாலான கார்களில் மிதவைச் சுவிட்சும் ஹேண்ட் பிரேக் சுவிட்சும் சாதாரணமாகத் திறந்தே இருக்கும்; மூடினால்தான் மின்னோட்டம் எர்த்துக்குப் போய் விளக்கு எரியும். அப்படியானால் கப்ளரில் பாசி பிடித்தால், வயர் அறுந்தால், சுவிட்சின் காலில் துரு ஏறினால் என்ன ஆகும்? விளக்கு எரியாது. 'லூஸ் கான்டாக்ட்' என்று சொல்லிக் கையைத் தட்டிவிடும் விளக்கத்துக்கு இது நேர் எதிர். இந்த வகைச் சுற்றில் லூஸ் கான்டாக்ட் விளக்கை எரிய வைக்காது, எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் செய்யும். விளக்கை வீணாக எரிய வைப்பது வேறு: வயரின் மேலுறை உராய்ந்து செம்பு வண்டியின் உடம்பைத் தொடுவது, கப்ளருக்குள் தண்ணீர் போய் இரு கால்களுக்கும் பாலம் போடுவது, மிதவைக்குள்ளேயே ஆயில் ஊறி அது கனத்து மூழ்குவது.

சாவி போட்டதும் எல்லா விளக்குகளும் ஒரு கணம் எரிந்து அணையுமே, அது இதைக் கண்டுபிடிக்குமா? பெரும்பாலும் கண்டுபிடிக்காது. அது விளக்கு உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. சுவிட்சைப் பார்க்க மூடியைத் திறந்து, சுத்தமான கருவியால் மிதவையைக் கீழே அழுத்திப் பார்க்க வேண்டும். விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால், இத்தனை நாள் விளக்கு அணைந்திருந்ததற்கு அர்த்தமே இல்லை.

ஹேண்ட் பிரேக்கைச் சோதிப்பது எளிது. விளக்கு எரியும் கணத்தில் பக்கத்தில் இருப்பவர் நெம்புகோலைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடிக்கட்டும். அணைந்தால் வேலை முடிந்தது. மலையில் நின்ற வண்டியில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து இழுத்துக் கேபிள் நீண்டுபோய், பிறகு அதை அளவுக்கு மீறி முறுக்கியிருந்தால் நெம்புகோல் முழுதாகப் படுக்காது; குழியில் விழுந்து எழும்போதெல்லாம் சுவிட்ச் தொட்டு விலகும். விறைப்பான ஸ்பிரிங் கொண்ட ஸ்போர்ட்ஸ் காரில் குலுக்கல் அதிகம், அதனால் இது இன்னும் சகஜம்.

போர்ஷே, பிஎம்டபிள்யூ போன்ற கார்களின் பேட்டுக்குள் பதித்திருக்கும் கம்பி மட்டும் வேறு ஜாதி. அது எப்போதும் மூடிய சுற்று. பேட் தேய்ந்து டிஸ்க் அந்தக் கம்பியை அறுத்தால் விளக்கு எரியும். அறுந்த முனைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்தால் விட்டு விட்டு எரியும். இங்கே மட்டும் 'லூஸ் கான்டாக்ட்' என்ற தீர்ப்பு செல்லுபடியாகும். 1980களின் சில ஜப்பானிய கார்களில் இன்னும் விநோதம்: பிரேக் விளக்கின் பல்ப் சோதனைக்கான இணைப்பு ஆல்டர்னேட்டர் வழியாகப் போனது. டயோடு கெட்டால் பேட்டரி விளக்கும் பிரேக் விளக்கும் ஜோடியாக மங்கலாக எரியும். பிரேக்கைப் பிரித்து மேய்ந்தவர்களுக்குக் கிடைத்தது வெறும் தூசி.

இத்தனை சாத்தியங்களில் எது என்று முடிவு கட்டுவது எப்படி? இதற்கு ஜவ்வாது மலையிலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. காருக்கும் அதற்கும் தொடர்பில்லை, விட்டு விட்டு மறையும் வெளிச்சத்துக்கும் அதற்கும் உண்டு.

1977 மார்ச் 10ஆம் தேதி இரவு, எஸ்ஏஓ 158687 என்ற மங்கலான விண்மீனை யுரேனஸ் கோள் கடந்து போக இருந்தது. காவலூர் வானாய்வகத்தில், 1972இல் நிறுவப்பட்ட ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த விண்மீனின் ஒளியைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். கோளிலிருந்து விலகிய இடத்திலேயே ஒளி சில நொடிகள் சட்டென்று மங்கி மறுபடி பிரகாசமானது. யுரேனஸைச் சுற்றும் புதிய துணைக்கோள் ஒன்று குறுக்கே போயிருக்க வேண்டும் என்று கருதி, 'நேச்சர்' இதழில் அப்படியே எழுதினார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த கைப்பர் விமான ஆய்வகத்தில் ஜேம்ஸ் எலியட்டின் குழு இருந்தது. அவர்கள் கண்டது ஒரு மங்கல் அல்ல. கோளுக்கு இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து, இரண்டும் ஏறத்தாழ சமதூரத்தில். துணைக்கோள்கள் இப்படி ஜோடி ஜோடியாக வராது. அது வளையம். அதே ஆண்டில் பட்டாச்சார்யாவும் வேணு பாப்புவும் காவலூர்ப் பதிவை மீண்டும் அலசி, யுரேனஸைச் சுற்றிச் சனியைப் போன்ற வளையத்தொகுதி இருப்பதாக எழுதினார்கள்.

காவலூரின் பதிவில் பிழையில்லை. ஒரு மங்கலை வைத்து மட்டும் துணைக்கோளையும் வளையத்தையும் பிரித்தறிய முடியாது. பல மங்கல்கள், அவை வரும் ஒழுங்கு, எங்கே வருகின்றன, எங்கே வரவில்லை என்பதெல்லாம் சேர்ந்தால்தான் காரணம் பிடிபடும். பிரேக் விளக்குக்கும் இதேதான். ஒருமுறை எரிந்ததை வைத்து ஸ்கேனரை மாட்டுவதைவிட, எரிந்த ஒவ்வொரு தடவையையும் குறித்து வைப்பது மேல். ஸ்கேனர் ஏபிஎஸ் கணினி தன் நினைவில் எழுதி வைத்ததை மட்டுமே படிக்கும். பல கார்களில் மிதவைச் சுவிட்ச் மூடித் திறந்ததைக் கணினி எங்கும் எழுதுவதில்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்தால் போதும். வளைவு இடமா வலமா, ஏற்றமா இறக்கமா, பிரேக்கில் கால் இருந்ததா, குழியா, வண்டி சூடா, மழையா, உடன் மஞ்சள் ஏபிஎஸ் விளக்கும் எரிந்ததா என்று எழுதச் சொல்லுங்கள். ஓட்டுபவரே எழுத வேண்டாம், தயவுசெய்து.

நோட்டில் ஒரு சித்திரம் உருவாகும். ஒரு திசை வளைவிலும் பலமாக பிரேக் பிடிக்கும்போதும் மட்டும் என்றால் ஆயில் மட்டம். திசை பேதமில்லாமல் குலுக்கலில் என்றால் ஹேண்ட் பிரேக் சுவிட்ச் அல்லது உராயும் வயர். சிவப்பும் மஞ்சளும் கூடவே என்றால் சக்கர வேக உணரி, அதன் பல்வளையம், ஏபிஎஸ் யூனிட். அங்கே ஸ்கேனர் நிஜமாகவே உதவும்.

வளைவில் எரிவதற்கு ஆயில் மட்டத்தைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கலாம்: ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன் சக்கரத்துக்குப் போகும் பேட் வயரோ உணரி வயரோ இழுபடுவது. இரண்டையும் பிரிக்க ஓர் அழகான சோதனை உண்டு. காலியான இடம் ஒன்றில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து, நடக்கும் வேகத்தில் வட்டமடியுங்கள். இந்த வேகத்தில் ஆயில் அவ்வளவாகச் சாயாது, வயர் மட்டும் முழுதாக இழுபடும். விளக்கு எரிந்தால் வயர். எரியவில்லை என்றால் சந்தேகம் ஆயில் மேலேயே நிற்கிறது. செலவு இல்லை, கருவி இல்லை, ஐந்து நிமிடம்.

விளக்குக்குத் தெரியாத ஆபத்து ஒன்றும் மலையில் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் வாசகர் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளலாம். ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள கார் 400 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறத்தாழ 59 லட்சம் ஜூல் ஆற்றல் எங்காவது போய்ச் சேர வேண்டும். 25 டிகிரியில் உள்ள ஏறத்தாழ 19 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். இரண்டாம் கியரில் இறங்கினால் பெரும் பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர்களின் வண்டியில் அதில் பெரும்பகுதி டிஸ்க்கிலும் பேட்டிலும்தான் இறங்கும். அங்கிருந்து காலிப்பருக்கும் ஆயிலுக்கும் போகும். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. 3.7 சதவீதம் தண்ணீர் ஏறினால் அதே தரத்தின் கொதிநிலை வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3 என்றால் 140.

ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ். குமிழை அழுத்தலாம், அது அமுங்கும், பிஸ்டன் நகராது. பெடல் தரைவரை போகும். அப்போது மீட்டர் போர்டில் சிவப்பு விளக்கு எரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். டப்பாவில் மட்டம் குறையவில்லையே, மிதவை ஏன் இறங்கும்? வண்டியை ஓரங்கட்டி அரைமணி நேரம் ஆறவிட்டால் பெடல் பழையபடி கெட்டியாகிவிடும். பட்டறையில் ஒரு கோளாறும் தெரியாது. வாரக்கணக்கில் உறைக்குள் நின்று, மாதம் ஒருமுறை மலைக்கு வரும் ஸ்போர்ட்ஸ் காரில் இது கூடுதல் சங்கடம். வண்டி ஓடாவிட்டாலும் ஆயில் ஈரம் உறிஞ்சுவதை நிறுத்துவதில்லை. கிலோமீட்டர் கணக்கு பார்த்து ஆயில் மாற்றுபவர்கள் இதில் ஏமாறுவார்கள். பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான்.

பாதி மலையில் விளக்கு எரிந்தால் என்ன செய்வது? வளைவில் கண்சிமிட்டி அணைந்து, பெடலும் கெட்டியாக இருந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, டப்பாவின் மட்டத்தைப் பாருங்கள். சக்கரங்களின் உட்பக்கம் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் இல்லை, மட்டம் கீழ்கோட்டுக்கு மேலே என்றால் தாழ்ந்த கியரில் மெல்ல இறங்கிப் பட்டறைக்குப் போகலாம். விளக்கு அணையாமல் நின்று எரிந்தாலோ, இன்ஜின் ஓடும்போது பெடலை அழுத்திப் பிடித்தால் அது மெல்ல மெல்லக் கீழே இறங்கினாலோ, சிவப்போடு மஞ்சளும் சேர்ந்து எரிந்தாலோ வண்டியைக் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு இழுவை வண்டிக்குச் சொல்லுங்கள். விளக்கு தொல்லை தருகிறது என்று மிதவையின் கப்ளரைக் கழற்றிவிட்டு அனுப்பும் பட்டறைகள் உண்டு. அந்தக் கைக்கு வண்டியைக் கொடுக்காதீர்கள். பிரேக் ஆயில் கடைசியாக மாற்றிய தேதி உங்களுக்கே நினைவில்லை என்றால், அதை மாற்றிவிட்டு அடுத்த வாரம் ஜவ்வாது மலைக்குக் கிளம்புங்கள்.